ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் ஞாயிற்றுக்கிழமை குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயற்குழு உறுப்பினர்கள்,
பெற்றோர் ஆசிரியர் கழகம்,
எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி,
பாளையங்கோட்டை.

மதிப்பிற்குரிய தலைவர், செயலர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் பள்ளி அலுவலகத்திலிருந்து ஒருவர் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு தாளைக் கொண்டுவந்து 160 பிரதிகள் கேட்டார். கேள்வித்தாளாக இருக்கும் என்று நினைத்துப் படிக்காமலேயே இயந்திரத்தில் வைத்துவிட்டேன். பத்து இருபது பிரதிகள் வெளியே வந்த பிறகு ஒன்றை எடுத்து மை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தபோதுதான், அது ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் அனைவரும் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் படிவம் என்பதும், அந்தப் பெற்றோரில் நானும் ஒருவன் என்பதும் எனக்கு உறைத்தது. பிரதிக்கு ஒரு ரூபாய் வீதம் 160 ரூபாயை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டதால், இனி அந்தத் தாளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று என் மனைவி சொல்கிறாள். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிவத்தில் மூன்று செய்திகள் உள்ளன. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்புப் பாடங்களைத் தொடங்குவதற்காகச் சனிக்கிழமை முழுநாளும், ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் 12.30 வரையும், உள்ளூர் விடுமுறை நாட்களிலும் வகுப்பு நடக்கும் என்பது முதலாவது. வாரத்தில் இரண்டு உடற்கல்விப் பாடவேளைகளும் ஒரே ஒரு இசைப் பாடவேளையும் கணக்குக்கும் அறிவியலுக்கும் மாற்றப்படும் என்பது அடுத்தது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியும்வரை, அதாவது ஏறக்குறைய 15 மாதங்களுக்கு, "என் பிள்ளையைத் திரையரங்கிற்கு அழைத்துச் செல்ல மாட்டேன், வீட்டில் திரைப்படம் பார்க்கவும் பாடல் கேட்கவும் அனுமதிக்க மாட்டேன், விடுமுறை நாட்களில் நண்பர்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது கடைசி. முதல் இரண்டும் பள்ளியின் அட்டவணையைப் பற்றியவை. அவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது என் வீட்டுக் கூடத்தைப் பற்றியது என்பதால் அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

இந்தத் தீர்மானம் எந்த அச்சத்திலிருந்து வந்தது என்பதை அறியாதவன் அல்லன் நான். கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொளிகளை விரலால் தள்ளித் தள்ளி இரண்டு மணி நேரத்தைக் கரைக்கும் பிள்ளையை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறோம். என் மகனும் அப்படிக் கரைத்தவன்தான். கைப்பேசியை நான் பிடுங்கியதும் அவன் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்ததும் எங்கள் வீட்டில் நடந்தவை. எல்லாத் திரைப்படமும் பிள்ளைகள் பார்க்கத் தக்கதன்று, எல்லாப் பாட்டும் கேட்கத் தக்கதன்று என்பதிலும் உங்களோடு எனக்கு வேறுபாடில்லை. இவற்றையெல்லாம் கழித்த பிறகும், இந்தப் படிவம் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொள்வது பொழுதுபோக்கை மட்டும்தான் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. அது எங்களிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

ஒரு பிள்ளையின் ஒரு நாளை முதலில் பார்ப்போம். என் மகன் காலை 5.15க்கு எழுகிறான், 6.30 வரை படிக்கிறான். 7.45க்கு வேன் வருகிறது. பள்ளி 4.20க்கு முடிந்தாலும் சிறப்பு வகுப்பு 5.30 வரை நீள்கிறது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் ஆச்சி கொடுக்கும் காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, 6.30க்கு டியூஷனில் இருக்கிறான். 8.30க்குத் திரும்பிச் சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தை முடித்துப் படுக்கும்போது மணி 10.45. ஆக, தூக்கம் ஆறரை மணி நேரம். 13 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று தூக்கவியல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திங்கள் முதல் வெள்ளிவரை இவன் ஓடுவது வேனைப் பிடிக்க மட்டுமே. மிஞ்சியிருப்பவை அந்த இரண்டு உடற்கல்விப் பாடவேளைகளும் ஞாயிற்றுக்கிழமையும்தான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை வீண் பொழுது என்று உங்கள் படிவம் கருதுகிறது. காலையில் கறிக்கடை வரிசையில் அவன் நிற்பான். நான் வண்டியைக் கழுவுவேன். பத்து மணிக்கு மேல் நண்பர்கள் மூன்று பேர் வந்து அவனைக் கிரிக்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள், அல்லது மாடியிலேயே உட்கார்ந்து ஏதோ ஒரு நடிகருக்காக வீடே அதிரும்படி சண்டை போடுவார்கள். பிற்பகலில் கூடத்தில் ஸ்பீக்கரை வைத்து யாராவது ஒருவர் பாட்டுப் போடுவது வழக்கம். முறை வைத்துக்கொண்டிருக்கிறோம், எனக்கு இரண்டு பாட்டு, அவனுக்கு இரண்டு, ஆச்சிக்கு இரண்டு.

சில மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகல். என் முறையில் 1977இல் வந்த 'கவிக்குயில்' படத்திலிருந்து 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாட்டைப் போட்டேன். இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடியது. இரண்டு வரி போவதற்குள் மகன் எழுந்து போய், செகண்ட் ஹேண்டில் வாங்கிய தன் கீபோர்டை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு எதையோ தேடினான். "அப்பா, இது 'கண்கள் இரண்டால்' மாதிரியே இருக்கு" என்றான். 2008இல் 'சுப்ரமணியபுரம்' படத்துக்காக ஜேம்ஸ் வசந்தன் இசையமைத்த பாட்டு அது. ஒன்று நான் பிறந்த காலத்துப் பாட்டு, மற்றொன்று அவன் பிறப்பதற்கு முந்தியது. இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுகிறான் என்று நான் திகைத்திருக்கும்போது, அறையின் மூலையில் முறத்தில் பயறு பார்த்துக்கொண்டிருந்த என் தாயார், தலையைத் தூக்காமலே, "ரெண்டும் ரீதிகௌளைல்லா" என்று ராகத்தின் பெயரைச் சொன்னார். அவர் பாட்டுக் கற்றவரல்லர். கோயில் கச்சேரிகளையும் வானொலியையும் அறுபது ஆண்டுகள் கேட்டவர், அவ்வளவுதான். அன்று மாலைவரை மூன்று தலைமுறையும் ஒரு ராகத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவன் கீபோர்டில் சுரம் தேடினான், ஆச்சி தலையை ஆட்டி ஆட்டி "இல்ல, அங்க வழுக்கணும்" என்று திருத்தினார். ஒரு முழு இசைப் பாடவேளைக்குரிய செய்தி அதில் இருந்தது என்பது ஒரு புறமிருக்கட்டும். காலையில் "வேன் வந்துருச்சா", இரவில் "சாப்பிட்டியா" என்பவற்றைத் தாண்டி அந்த வாரத்தில் அவன் எங்களோடு பேசியது அந்த மூன்று மணி நேரம் மட்டுமே. நெல்லையப்பர் கோயிலில் கல்தூணில் சுரம் கேட்ட ஊரில் இருந்துகொண்டு, வீட்டில் பாட்டுக் கேட்க விட மாட்டேன் என்று நான் எப்படிக் கையெழுத்திடுவது?

திரைப்படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 13, 14 வயதுப் பிள்ளையிடம் "பள்ளியில் என்ன நடந்தது" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். இதை என் வீட்டில் மட்டுமல்ல, கடைக்கு வரும் பெற்றோர் அத்தனை பேரிடமும் கேட்டிருக்கிறேன். இந்த வயதில் பிள்ளைகள் தம்மைப் பற்றி நேராகப் பேசுவதில்லை. வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல் பேசுவார்கள். சென்ற கோடை விடுமுறையில் ஜங்ஷன் பக்கம் ஒரு படத்துக்குப் போய்விட்டு இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். சுலோச்சன முதலியார் பாலத்தின் மீது வரும்போது, பின்னால் உட்கார்ந்திருந்தவன், "அப்பா, அந்தப் பையன அவங்கப்பா அடிக்கும்போது அம்மா ஏன் சும்மாவே நின்னாங்க?" என்று கேட்டான். படத்தில் வந்த காட்சியைத்தான் கேட்டான். பயமாக இருந்திருக்கும் என்றேன். பாலம் முடிகிறவரை பேச்சில்லை. பிறகு, அவனுடைய நண்பன் ஒருவன் மதிப்பெண் குறைந்ததற்காக வீட்டில் பெல்ட்டால் அடி வாங்குகிறான் என்றும், அதற்காகவே முழுக்கைச் சட்டை போட்டு வருகிறான் என்றும் சொன்னான். எத்தனை நாளாக அவன் அதை மனதில் வைத்திருந்தானோ தெரியாது. முகத்துக்கு நேராக உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அது வந்திருக்காது. இருட்டும், என் முதுகும், ஒரு சினிமாக் கதையும் சேர்ந்து அவனைப் பேச வைத்தன. மறுநாள் அந்த நண்பனின் தகப்பனாரைப் போய்ப் பார்த்தேன். பேச்சு எளிதாக இருக்கவில்லை, ஆனால் பேச முடிந்தது.

நாட்டின் சட்டமும் இதை ஒருவகையில் அறிந்தே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, திரைப்படங்களுக்குத் தரப்படும் யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இன்ன வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இந்தப் படம் ஏற்றதா என்பதைப் பெற்றோர் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் அந்த எண்களின் பொருள். சட்டம் என் கையில் விட்ட முடிவை, என்னையே கையெழுத்துப் போடச் சொல்லி உங்கள் படிவம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இன்னொன்று: தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையே 2022ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிட்டுப் பிள்ளைகளை அவற்றைப் பற்றிப் பேசவும் எழுதவும் வைக்கிறது, கலைத் திருவிழாவும் நடத்துகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளை வகுப்பறையில் பார்ப்பதைக் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளை வீட்டில்கூடப் பார்க்கக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை.

தடை போட்டால் பாட்டு நின்றுவிடும் என்றும் எண்ண வேண்டாம். அது கூடத்து ஸ்பீக்கரிலிருந்து போர்வைக்குள் இருக்கும் இயர்போனுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் சிறுவர்களுக்கு வகுத்திருக்கும் பாதுகாப்பான அளவு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். போர்வைக்குள் எத்தனை டெசிபல் என்று எந்தத் தாயும் அளக்க முடியாது. அதைவிட எனக்குக் கவலை தருவது, எந்தப் பாட்டு என்பதும் தெரியாமல் போவதுதான். தெருப் பெருமையும் சாதிப் பெருமையும் பேசும் பாட்டுகள் நம் பக்கத்தில் எப்படி வேனுக்கு வேன், கைக்குக் கை பரவுகின்றன என்பதை நீங்களும் அறிவீர்கள். அப்படி ஒரு பாட்டை என் மகன் ஒருநாள் தன் முறையில் ஸ்பீக்கரில் போட்டான். தாளம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் போட்டான், சொற்களைக் கவனித்திருக்கவில்லை. நிறுத்தி, வரி வரியாக என்ன சொல்கிறது என்று கேட்டேன். மூன்றாவது வரியில் அவனே வெட்கப்பட்டான். போர்வைக்குள் கேட்டிருந்தால் அந்த மூன்றாவது வரி யாரும் கேள்வி கேட்காமல் உள்ளே போயிருக்கும்.

இதோடு சேர்ந்ததுதான் "நண்பர்கள் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்ற வரி. படிவத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது அதுவே. 2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவனுடைய தங்கையும், உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமை நம் மாவட்டத்தில் நடந்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன் மாதம் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கைகளில் கட்டிக்கொள்வதைத் தடுக்க வேண்டும் என்பது உட்படப் பல பரிந்துரைகள் இருந்தன. கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம்; அவிழ்த்த கை வேறு எந்தக் கையைப் பிடிக்கும் என்பதையும் யோசிக்க வேண்டாமா? பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காருவது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒருவன் வீட்டு அடுப்படிவரை போய் அவன் அம்மா போடும் தோசையைச் சாப்பிடுவது வேறு. என் மகனுடைய நண்பர்கள் மூவரும் மூன்று வெவ்வேறு தெருக்களிலிருந்து வருகிறார்கள். எந்தத் தெரு என்று நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒருவனுடைய தாயார் முதல் தடவை எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றார்கள், உள்ளே வரத் தயங்கி. இப்போது என் மனைவியும் அவர்களும் சேர்ந்து சந்தைக்குப் போகிறார்கள். இது எந்தக் கழகத் தீர்மானத்தாலும் நடந்ததன்று. பையன்கள் பந்து தேடிப் போனதால் நடந்தது. அந்த வழியை அடைப்பதற்குக் கையெழுத்துக் கேட்கிறீர்கள்.

"இப்போது கஷ்டப்பட்டால் பிறகு சுகமாக இருக்கலாம், ஒரே ஒரு வருடம்தானே" என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் சொன்னார். அதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. என் மூத்த மகள் இதே வழியில் போனவள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிப் பன்னிரண்டு முடியும்வரை நான்கு ஆண்டுகள் டியூஷன், சிறப்பு வகுப்பு, மாதிரித் தேர்வு. கேபிள் இணைப்பை நானே துண்டித்தேன்; அவளுடைய தோழி பிறந்தநாளுக்குக் கூப்பிட்டபோது நானே தடுத்தேன். நல்ல மதிப்பெண் எடுத்தாள். இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். ஞாயிறு மாலை பேசுவாள். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேம்பா." "படிப்பு எப்படிப் போகுது?" "போகுதுப்பா." அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பேசுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை; கைப்பேசி தம்பி கைக்குப் போனதும், புதுப் படம் எப்படி, இந்தப் பாட்டைக் கேட்டாயா என்று அரை மணி நேரம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அவளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது என்ன பாட்டுப் பிடிக்கும், யார் நெருங்கிய தோழி, எதைக் கண்டு பயந்தாள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் வீட்டில்தான் இருந்தாள். அந்த வருடங்கள் போனவை போனவைதான், பிறகு அவள் விடுதிக்குப் போய்விட்டாள். ஆகவே அந்த உறுப்பினர் சொன்ன கணக்கு என் வீட்டில் பொய்த்த கணக்கு.

பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழ்நாடு அரசு 2025-26 கல்வியாண்டு முதல் நீக்கிவிட்டது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதும் சுமை அதனால் ஓராண்டு குறைந்தது. மேலே குறைந்த ஆண்டை நாம் கீழே ஒன்பதாம் வகுப்பில் ஏற்றுகிறோம். ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் 1992ஆம் ஆண்டு இந்தியாவும் இணைந்தது. அதன் 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் கலைகளில் பங்கு கொள்வதையும் குழந்தையின் உரிமை என்கிறது, 12ஆம் பிரிவு தன்னைப் பற்றிய முடிவுகளில் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம் என்கிறது. நம் 160 பிள்ளைகளில் ஒருவரையாவது இந்தத் தீர்மானத்துக்கு முன் கூப்பிட்டுக் கேட்டோமா?

என் வேண்டுகோள் இவ்வளவே. உறுதிமொழிப் படிவத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையையும் உள்ளூர் விடுமுறைகளையும் விட்டுவிடுங்கள். ஆனித் தேரோட்டத்தன்று பிள்ளைகள் வடம் பிடிக்கப் போகட்டும், அன்று நடத்தும் இயற்பியல் யார் மண்டையிலும் ஏறப் போவதில்லை. உடற்கல்விக்கும் இசைக்கும் உரிய மூன்று பாடவேளைகளை அவற்றுக்கே திருப்பிக் கொடுங்கள். சனிக்கிழமை முற்பகலில் மட்டும், பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வகுப்பு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. என் மகனுக்கே கணக்கில் அது தேவைப்படும். கைப்பேசிக்கு நேரக் கட்டுப்பாடு வேண்டும் என்று கழகம் பெற்றோருக்கு அறிவுரையாக எழுதினால் முதல் ஆளாக வரவேற்பேன். மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் பள்ளி அரங்கில் ஒரு நல்ல சிறார் படத்தைத் திரையிட்டு, அதன் பிறகு பிள்ளைகளைப் பேசவிடலாம் என்று கழகம் முடிவு செய்தால், அதற்கான துண்டறிக்கைகளை என் கடையில் காசு வாங்காமல் அச்சடித்துத் தருகிறேன். முன்னர் வாங்கிய 160 ரூபாய்க்கும் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இதைப் பற்றிப் பேச வரும் ஞாயிறு காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எங்கள் மாடியில் நான்கு பையன்கள் இருப்பார்கள். மாலை 5 மணிக்கு மாற்றி, ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இரண்டு மாணவர்களையும் அழைத்தால் நன்றாக இருக்கும். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் நான் வருவேன். எனக்கு வந்த படிவம் கையெழுத்தில்லாமல் கடை மேசையின் இழுப்பறையில் இருக்கிறது, அதையும் கொண்டுவருவேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை